மாடி வீட்டு ஆபீசர்

— ஜன்னல்கிட்டப் போகாதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது? வீட்டுக்காரம்மா கீழ குழிகிட்டயேதான் நிக்குறாங்க.

— சத்தத்தைக் கேளுடி. அது எங்க லாரி. நான் லீவு போட்ட அன்னிக்குப் பார்த்தா நம்ம வீட்டுச் சாக்கடை அடைக்கணும்?

— அடைச்சா அடைச்சிட்டுப் போகுது. நீங்க ஆபீசர். ஆபீசர் மாதிரி உட்காருங்க.

— ஆபீசர் எப்படி உட்காருவாரு?

— ஐயோ, பேப்பரை எடுத்துப் படிங்களேன்!

— தினமும் இஸ்திரிச் சட்டையில கிளம்பி, ஷெட்டுல போய் மாத்திக்கிறேன்ல, அது போதாதா? ஆமா, எந்த ஆபீஸ்னு சொல்லி வச்சிருக்க?

— கணக்கு செக்‌ஷன்.

— எனக்குக் கூட்டலே தகராறு. நேத்து அந்தம்மா படியில நிறுத்தி என்னமோ வரி பத்திக் கேட்டாங்க. தலையும் புரியல, வாலும் புரியல. மழை வரும் போலிருக்குன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்.

— பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? எத்தனை வீடு ஏறி இறங்கினோம்! சாக்கடை அடைப்பெடுக்கிறவர்னு சொன்னதும் எல்லார் முகமும் சுருங்கிடுச்சு. இங்கயும் உண்மையைச் சொல்லியிருந்தா பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எங்க போய் நின்னிருப்போம்?

— அது சரிதான். ஆனா கீழ என் ஜோடி ஆளு குண்டூசி ஒத்தையா நிக்கிறானே. ரெண்டு பேர் சேர்ந்து பிடிச்சாலே அந்த லாரிக் குழாய் திமிறும். தண்ணி வேகத்துல ஆளையே தூக்கி அடிச்சிடும்டி.

— டிரைவர் இருக்காருல்ல?

— அவரா? சீட்டை விட்டு இறங்கினா அவருக்குக் கிரீடம் கழண்டுடும்.

— உங்க காலைப் பிடிக்கிறேன், போகாதீங்க. இந்த வீடும் போச்சுன்னா எனக்குத் தெம்பில்ல. ஐயோ, கதவு தட்டுறாங்க!

— மேடம்... குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? கீழ கேட்டேன், மாடியில கேளுன்னுட்டாங்க.

— இருங்க, தரேன்.

— அடியே, அது குண்டூசி குரல்!

— தெரியும். மெதுவாப் பேசுங்க.

— என்னத்தை எடுக்குற? அது செடிக்கு ஊத்துற மக்கு.

— டம்ளர்ல குடுத்தா வீட்டுக்காரம்மா ஒரு மாதிரி பார்ப்பாங்க. பின்னாடியே படியேறி வராங்க.

— பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன்டி அவன். அவனுக்கு மக்கா? அப்போ எனக்கு எதுல குடுக்கணும்?

— உங்களையும் அவரையும் நான் ஒண்ணாவா...

— ஒண்ணுதானே? ஒரே லாரி, ஒரே குழி. எனக்கு ஒண்ணுமே விளங்கல. உன் புருஷன் யாருடி, நானா, அந்தக் கணக்கு செக்‌ஷன்காரனா? தள்ளு, கதவைத் திறக்குறேன். டேய் குண்டூசி, உள்ள வாடா!

— யாரு சார் நீங்க? ஆள் மாறிக் கூப்பிடுறீங்க போல.

— வெயில்ல மண்டை குழம்பிடுச்சா? நான்டா!

— கத்தாதீங்கண்ணே, அந்தம்மா படியிலதான் நிக்குது. உங்களை எனக்குத் தெரியாது. நாளைக்கு என் தெருவுல அடைச்சுதுன்னா நீங்களும் என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க. அங்க நான் தபால் ஆபீஸ்ல வேலை பாக்குறேன்.

— நீயுமா? டேய், அப்போ இந்த ஊர்ல சாக்கடை அள்ளுறது யாருடா?

— விடுங்க சார். மேடம், அந்த மக்கே போதும். கொஞ்சம் உசரத் தூக்கி ஊத்துங்க, கையை ஏந்திக்கிறேன். கை பூரா சேறு, உங்க மேல பட்டுடப் போகுது.

— இது என்ன, மணிக்கட்டு இப்படி வீங்கியிருக்கு?

— குழாய் ஒரு தட்டுத் தட்டிடுச்சு. ஒண்ணுமில்ல. ஊத்துங்க மேடம், ஏன் நிறுத்திட்டீங்க?

— மேடமாவது மண்ணாவது! வாய் நிறைய அண்ணின்னு கூப்பிடுவியே தம்பி... இந்தா, டம்ளரைப் பிடி. ஏங்க, அந்தச் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுக் கீழ போய்க் குழாயைப் பிடிங்க. வீட்டுக்கார அக்கா, படியிலயே ஏன் நிக்குறீங்க, மேல வாங்க. இவரு ஆபீசரெல்லாம் இல்ல, ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான். பொய் சொன்னது நான். வீட்டைக் காலி பண்ணச் சொல்றதுன்னா சொல்லுங்க, என் கொழுந்தன் தண்ணி குடிச்சு முடிக்கட்டும்.