இரண்டு கோடுகள் சந்தித்த ஜன்னல்

— ஸ்கேலை அழுத்திப் பிடி தம்பி. மேப் சுருண்டுக்குது.

— பிடிக்கிறேன்க்கா. பிடிச்சு என்ன ஆகப்போகுது? நாளைக்கு அந்த ஆளை ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்பறாங்க. என் வீட்டுக்குக் கூட்டிட்டு வரமாட்டேன்னு நேத்தே சொல்லிட்டேன். நீ நாலு கோடு இழுத்தா என் மனசு மாறிடுமா?

— அந்த ஆள்னு சொல்லாதே. அப்பா.

— உனக்கு அப்பா. நீயாவது முகத்தைப் பார்த்திருக்கே. எனக்கு அவர் வெளியூர் போய்த் திரும்பாத ஒருத்தர். அவ்வளவுதான்.

— பொறு. வெளியூர் போனவர் சட்டைப் பையில இந்த போட்டோ எப்படி வந்தது? நர்ஸ் எடுத்துக் கொடுத்தப்போ நாலா மடிச்சிருந்தது. மடிச்சு மடிச்சு மடிப்பெல்லாம் வெளுத்துக் கிடக்கு. அம்மா, குடை, பக்கத்துல நான், இடுப்புல நீ.

— மாமா எடுத்து அனுப்பியிருப்பார். பூனை குட்டி போட்டாக்கூட கேமராவைத் தூக்கிட்டு ஓடற மனுஷன்.

— மாமா எடுத்திருந்தா நம்மளை வரிசையா நிக்க வெச்சு, சிரி சிரின்னு உசிரை வாங்கியிருப்பார். இதுல ஒருத்தர்கூட கேமராவைப் பார்க்கலை.

— அதனால என்ன?

— அதனாலதான் எங்க சர்வே ஆபீஸ்லேருந்து இந்தப் பழைய மேப்புக்கு நகல் எடுத்துட்டு வந்தேன். போட்டோவுல பின்னாடி தெரியற புகைபோக்கியும் தண்ணித் தொட்டியும் இப்ப இருக்கிற மேப்புல கிடையாது. எல்லாத்தையும் இடிச்சாச்சு. இதுல ரெண்டும் இருக்கு. போட்டோவைப் பார். தொட்டி புகைபோக்கியை எவ்வளவு மறைக்குது?

— சரிபாதி.

— அப்போ மேப்புல ரெண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்து நீட்டு. படம் பிடிச்சவர் இந்தக் கோட்டு மேல எங்கயோதான் இருந்திருக்கணும். அடுத்தது ஸ்கூல் மதில். போட்டோவுல அதோட நீளமே தெரியலை. முனை மட்டும் ஒரு தூண் மாதிரி நிக்குது. மதிலுக்கு நேரா நின்னு பார்த்தாத்தான் அப்படித் தெரியும். அந்தக் கோட்டையும் நீட்டு.

— நீட்டியாச்சு மேடம். ஆனா ரெண்டும் தெருவுல வெட்டிக்கலையே.

— எங்க வெட்டிக்குது?

— தெருவைத் தாண்டி எதிர்வரிசையில. இந்தக் கட்டத்துக்குள்ள. என்ன கட்டடம் இது?

— பார்சல் ஆபீஸ். கீழே குடோன், மேலே மூட்டை தூக்கறவங்க தங்கற அறைகள். குடையோட மேல்துணி தெரியுது பார். இது மாடி ஜன்னல்லேருந்து எடுத்த படம். ஆஸ்பத்திரியில வேலை என்னன்னு கேட்டதுக்கு அப்பா என்ன சொன்னாராம் தெரியுமா?

— சொல்லு.

— பார்சல் ஆபீஸ்ல மூட்டை தூக்கினேன்னு.

— அப்போ வெளியூரே போகலை.

— போகலைடா. நம்மளைப் பார்த்துட்டே இருந்திருக்கார். யார்கிட்டயோ கேமராவை இரவல் வாங்கி எடுத்து, இத்தனை வருஷம் பையிலேயே வெச்சிருந்திருக்கார். அதான் கேக்கறேன், இப்பவாவது...

— நீ கேக்க வந்தது வேற, நிரூபிச்சது வேறக்கா. தூரத்துல இருந்தவர்னா, பாவம், வர வழியில்லைன்னு நினைச்சு ஒருவேளை மன்னிச்சிருப்பேன். இவர் எதிர் மாடியில நின்னுக்கிட்டு, அம்மா ஒண்டியா ரெண்டு பிள்ளைகளை இழுத்துட்டு வெயில்ல போறதை வேடிக்கை பார்த்திருக்கார். பத்தாததுக்குப் படம் வேற. ஒரு மாடிப்படி. இறங்கி வரக் கால் இல்லையா? மேப்பைச் சுருட்டு. என் வீட்டு வாசலை அவர் மிதிக்கக் கூடாது.

— மெதுவா பேசு. பின்னாடி அம்மா நிக்கறாங்க.

— நிக்கட்டும். அவங்களுக்கும் தெரியட்டும்.

— நீங்க ஸ்கேலை வெச்சப்பவே வந்துட்டேன் தம்பி. அந்த போட்டோவைக் கொடு. இவ்வளவு ஒல்லியாவா இருந்தேன்?

— அம்மா, அப்பா அந்த மாடியில இருந்தது உனக்குத் தெரியுமா?

— இந்த மேப்புல நம்ம பழைய வீடு எது பெரியவளே?

— இதோ. ஸ்கூல் இங்க.

— வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சந்து இருக்கும் பார்.

— இருக்கு. அதுல போனா ஸ்கூல் கூப்பிடு தூரம்தான். அப்புறம் எதுக்கும்மா தினம் பார்சல் ஆபீஸ் தெருவைச் சுத்தினோம்?

— நீ வளர்றதும், இவன் இடுப்பை விட்டு இறங்கி நடக்கறதும் அவர் கண்ணுல படட்டும்னுதான்.

— வெளியூர் போயிட்டார்னு எங்ககிட்டச் சொன்னது நீதானேம்மா?

— நான்தான். குடிச்சிட்டு உன்னைத் தூக்கினார் தம்பி. கை தவறிப் படியில விட்டார். நீ கண்ணு திறக்கிற வரைக்கும் எனக்கு உசிரு இல்லை. அன்னிக்குச் சொன்னேன், பிள்ளைகளைப் பார்க்கணும்னா தூரத்திலேருந்து பாருங்க, நானா கூப்பிடற வரைக்கும் கிட்ட வராதீங்கன்னு.

— குடியை விட்டாரா?

— அந்த வருஷமே விட்டுட்டார்னு கேள்விப்பட்டேன்.

— அப்புறமும் நீ கூப்பிடலையா?

— பயம் விடலைடா. ஆஸ்பத்திரியில எந்த மாடியில படுத்திருக்கார்? நான் போய்க் கூப்பிட்டாத்தான் இறங்கி வருவார்.