ஈரக் கோணி

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள், இன்ஸ்பெக்டர் ஐயா. என் ஜீப்பை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். காக்கை எச்சம் பட்டால் அந்தப் பெயின்ட் வெளுத்துவிடும். எதையாவது போர்த்தச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், உரசும். பழைய வேட்டி இருந்தால் போதும். பிறகு நிதானமாகப் பேசலாம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் ஜான்-பத்திஸ்த். கருவடிக்குப்பத்தில் வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவன். எங்களைப் போன்றவர்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். நீங்கள் என்னைக் கூப்பிட்டது திருட்டுப் புகாருக்காக. செத்துப்போன கன்னியப்பனின் ஜீப்பிலிருந்து எஞ்சினைக் கழற்றி என் ஜீப்பில் மாட்டிக்கொண்டேன் என்று அவன் மனைவி கலைமகள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கழற்றியது உண்மை. திருட்டு என்பதுதான் தப்பு. என் குடும்பத்தில் யாரும் இதுவரை அடுத்தவர் பொருளைத் தொட்டதில்லை.

என்னுடையது போர்க்காலத்து ஃபோர்டு ஜீப். அந்த வகை வண்டிக்கு ஒரு விசேஷம் உண்டு. சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், இடது பக்கத்தில் ஓர் எண் அடித்திருப்பார்கள். அதே எண்ணை எஞ்சினிலும் அடித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது பிறந்தபடியே இருக்கிற வண்டி. இல்லாவிட்டால் ஓடும், பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

பழைய மில்லின் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, ஏழெட்டு வருஷம் அதோடு வாழ்ந்தேன். மேல்கூரைக்கு அந்தக் காலத்துக் கான்வாஸ் துணியைத் தேடிப் பிடித்தேன். போல்ட்டு நட்டுகூடப் புதிதாகப் போடவில்லை, பழையதைத் தேய்த்து எடுத்தேன். என் மனைவி ஜோசெத் ஒருநாள் மகள் ஏலிஸோடு இருக்கப்போகிறேன் என்று பிரான்சுக்குப் போனாள். அவளை வழியனுப்பிவிட்டு வந்து கார்புரேட்டரைச் சுத்தம் செய்தது நினைவிருக்கிறது. அது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது. எழுத வேண்டாம்.

2005 ஜூலையில், பிரெஞ்சு தேசிய தினத்துக்கு முந்தைய வாரம், ஃபாபிரிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் என் வீட்டுக்கு வந்தார். பழைய ராணுவ வண்டிகளைப் பற்றி விவரம் தெரிந்தவர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து புகழ்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு குனிந்து, டார்ச் அடித்து, சேஸிஸ் எண்ணைப் பார்த்தார். எஞ்சின் எண்ணைப் பார்த்தார். நிமிர்ந்து, "தொமாஜ்" என்றார். பரிதாபம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் காபி குடித்தது, கிளம்பியது எதுவும் என் மனதில் இல்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும் இருந்தது.

இப்போது கன்னியப்பன். எங்களில் ஐந்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய ஜீப்புகளை எடுத்துக்கொண்டு, தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பிக் கடற்கரை மணலுக்குப் போவோம். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு மணல்மேட்டில் ஏறி இறங்குவோம். பெரிய மனிதர்கள் செய்கிற சின்னப்பிள்ளை வேலை. கூட்டத்தில் கன்னியப்பன்தான் இளையவன். மில்லில் தறி ஓட்டியவன். மில்லை மூடியபிறகு தவளக்குப்பத்தில் சவுண்டு சர்வீஸ் நடத்தினான். அவனிடம் இருந்ததும் அதே மில்லின் இன்னொரு ஜீப், அதே ஃபோர்டு. அதை அவன் என்ன பாடு படுத்தியிருந்தான் என்று நீங்களே பார்த்தீர்கள். தக்காளிச் சிவப்பில் பெயின்ட். பவர் ஸ்டியரிங். கார் சீட்டு. பின்னால் இரண்டு ஸ்பீக்கர். பாட்டுப் பாடும் ஹார்ன். கல்யாண வீட்டுக்குப் பந்தல் சாமான் ஏற்றிக்கொண்டு போவான். எனக்கு அதைப் பார்க்கவே கூசும். ஆனாலும் அவனைப் பிடிக்கும். அவனைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை.

ஒருநாள் எண்ணெய் ஒழுகுகிறது என்று வண்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பானெட்டைத் திறந்து, மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினைத் துடைத்தேன். எண்ணெய் ஃபில்ட்டருக்குப் பின்னால் அழுக்குக்குள்ளிருந்து எண் வெளியே வந்தது. என் சேஸிஸின் எண். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மில்லில் ஒரு சமயம் இரண்டு எஞ்சினையும் ஒன்றாகப் பிரித்துப் போட்டார்களாம். மாட்டும்போது கைக்கு வந்ததை மாட்டியிருக்கிறார்கள். கன்னியப்பன்தான் இதைச் சொன்னான், சிரித்துக்கொண்டே. நான் அந்த எண்ணை இன்னொரு தடவை துடைத்துப் பார்த்தேன்.

நியாயமாகத்தான் கேட்டேன், ஐயா. அவனுக்கு எண் ஒரு பொருட்டே இல்லை. என் எஞ்சினை எடுத்துக்கொள், உன்னுடையதைக் கொடு, கழற்றி மாட்டுகிற வேலை முழுக்க என்னுடையது என்றேன். வேண்டுமானால் புது டீசல் எஞ்சினே போட்டுத் தருகிறேன் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, முதல்தடவையாகச் சிரிக்காமல் சொன்னான்.

"அத மட்டும் கேக்காதீங்கண்ணே. தெருமொனையில இந்தச் சத்தம் கேட்டாத்தான் கலைமகள் தோசைக்கல்ல அடுப்புல ஏத்துவா. நான் உள்ள வரச்சொல்ல மொத தோச வெந்துனு இருக்கும். சத்தம் மாறிச்சின்னா அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

ஒரே வகை எஞ்சின், ஒரே சத்தம்தான் என்றேன்.

"இல்லண்ணே. உங்க வண்டி வந்தா அவ எழுந்துக்கவே மாட்டா. சொல்தா அண்ணன் வராருன்னு சொல்லுவா, அவ்ளோதான்."

இதில் எனக்கு மனவருத்தம் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு எஞ்சினை அது பிறந்த வண்டிக்குத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க, தோசை ஒரு காரணமா? அதற்குப் பிறகும் பலமுறை கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் மணலில் அந்தச் சிவப்பு வண்டி என் எஞ்சினை அலறவிட்டுக்கொண்டு மேடேறும். எண்ணெய் குறைவாக இருக்கும், ரேடியேட்டர் கொதிக்கும், அவன் பாட்டைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். திரும்பும்போது எல்லோரையும் வீட்டுக்கு இழுத்துப்போவான். உண்மையிலேயே முதல் தோசை வெந்துகொண்டிருக்கும். நானும் சாப்பிட்டிருக்கிறேன். நல்ல தோசை.

சாவுக்கு வருகிறேன். போன மாசி மாதம் நடந்தது உங்கள் ஸ்டேஷனில் விபத்து என்று பதிவாகியிருக்கிறது. நான்தான் வாக்குமூலம் கொடுத்தேன். அன்று மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கன்னியப்பனின் வண்டி உப்பங்கழி ஓரத்துச் சேற்று மணலில் அச்சு வரை இறங்கிவிட்டது. நான் என் ஜீப்பை முன்னால் நிறுத்தி, என் பின்பக்கத்துக்கும் அவன் முன்பக்கத்துக்கும் இரும்பு ரோப்பைக் கட்டி இழுத்தேன். என் பக்கத்துப் பிணைப்பு விட்டது. ரோப் திரும்பி அடித்தது. மணலுக்குப் போகும்போது நாங்கள் முன்கண்ணாடியை மடக்கிவிடுவோம், அதுதான் எங்களுக்கு அழகு. ஆகவே அவன் முகத்துக்கு முன்னால் எதுவும் இல்லை. ரோப்பில் ஈரக் கோணி போட மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அப்போதிருந்த எஸ்.ஐ. என் தோளைத் தட்டி, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த வாக்குமூலத்தில் பிழை இருக்கிறது. நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

கோணி விஷயம் எங்கள் கூட்டத்தில் சட்டம். இழுக்கிற ரோப்பின் நடுவில், தண்ணீரில் முக்கிய கோணியை மடித்துத் தொங்கவிட வேண்டும். ரோப் அறுந்தால் அந்தக் கனம் அதைத் தரையோடு அமுக்கிவிடும். இல்லாவிட்டால் அது எங்கே போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ராணுவத்தில் கற்றதை நான்தான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். யார் வண்டி மாட்டினாலும் முதல் கேள்வி, கோணி போட்டாச்சா என்பதுதான். ஹார்டுவேர் கடை பலராமன் ஒருதடவை போடாமல் இழுத்தார் என்று அவரோடு ஒரு மாதம் நான் பேசவில்லை.

அன்றும் கோணியை முக்கி எடுத்தேன். கையில் பிடித்துக்கொண்டு, சிவப்பு வண்டியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. கன்னியப்பன் சீட்டில் உட்கார்ந்து ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தான், நான் சொல்வது காதில் விழ வேண்டும் என்பதற்காக. நான் கோணியை அவன் வண்டியின் பானெட்டிலிருந்து முன்கம்பி வரை போர்த்தி, நாலு முனையையும் கட்டினேன்.

"கோணிய ரோப்புல போடலையாண்ணே?"

எஞ்சின் சூடாக இருக்கிறது, இதற்குத்தான் வேண்டும் என்றேன்.

"நீங்க சொன்னா சரிண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. அவன் இரண்டாவது தடவை கேட்டிருந்தால் நான் எடுத்துப் போட்டிருப்பேன் என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன். போட்டிருக்க மாட்டேன்.

பிணைப்பு விட்டது என்றேன் அல்லவா? ரோப்பை வண்டியோடு சேர்க்கிற இரும்பு வளையத்தைச் சொல்கிறேன். என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் விரிசல் விழுந்திருந்தது. தூக்கி எறியாமல் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். அதைத்தான் மாட்டினேன். விரிசல் இருந்தாலும் மெதுவாக இழுத்தால் தாங்கும். ஆகவே ரோப்பைத் தொய்வாகப் போட்டு, என் வண்டியைப் பின்னால் எடுத்து, ஒரே எடுப்பில் முன்னால் விட்டேன். ராணுவத்தில் நான் பயிற்சி கொடுத்த பையன்கள் யாராவது அப்படிச் செய்திருந்தால் வண்டியை விட்டு இறக்கியிருப்பேன்.

சத்தம் கேட்டதும் இறங்கி ஓடினேன். முதலில் அவன் வண்டியின் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். அந்தச் சூட்டில் ஓடவிடக் கூடாது. பிறகு கோணியைத் தூக்கிப் பார்த்தேன். உடைந்த வளையத்தின் ஒரு துண்டு கோணியில் பட்டு விழுந்திருந்தது. ரேடியேட்டரில் ஒரு கீறல் இல்லை. அதற்கப்புறம்தான் அவனைப் பார்த்தேன். உயிர் இருந்தது. கண் என்னைத் தேடியது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் திரும்பி வரும்வரை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

வண்டியைப் பார்க்கவே கலைமகளால் முடியவில்லை. என் வீட்டில் வைத்துச் சரிசெய்து தருகிறேன் என்றேன். செய்தேன். இரண்டு எஞ்சினையும் இறக்கி, மாற்றி ஏற்றினேன். என் எஞ்சின் என் சேஸிஸில் உட்கார்ந்தபோது, ஒரு போல்ட்டுகூட அடம்பிடிக்கவில்லை. அன்று நான் அழுதேன். அவளுக்குக் கொடுத்த எஞ்சினும் சுத்தமானது. நான் எட்டு வருஷம் பார்த்துப் பார்த்து வைத்திருந்தது. அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சிவப்பு வண்டியை அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். யாரும் வெளியே வரவில்லை. கதவைத் தட்ட வேண்டியிருந்தது. வெளியே வந்தவள் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இது எங்க வண்டி இல்லியே" என்றாள்.

பெயின்ட்டைக் காட்டினேன், சீட்டைக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டாள். நான் பஸ் பிடித்து வீடு வந்தேன்.

அடுத்த ஞாயிறு என் ஜீப்பைச் சோதித்துப் பார்க்க வெளியே எடுத்தேன். புதிதாக ஏற்றிய எஞ்சினைச் சோதிக்கக் கடலூர் சாலை நல்ல சாலை. கருவடிக்குப்பத்திலிருந்து ஊரையே தாண்டிப் போக வேண்டும் என்பது உண்மைதான். தவளக்குப்பத்தில் அவள் தெருவுக்குள் ஏன் திரும்பினேன் என்று கேட்பீர்கள். கியர் மாற்றுவது எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சந்து தெருதான் வசதி. முதல் ஞாயிறு அவள் வாசலில் ஆள் இல்லை. அடுத்த ஞாயிறும் போனேன்.

தெருமுனையில் திரும்பியபோதே வாசனை வந்தது. எண்ணெய் விட்ட கல்லின் வாசனை. அவள் தோசைத்திருப்பியோடு வாசலுக்கு ஓடிவந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், ஐயா. எனக்கு அப்படி ஒரு முகம் வாசலில் காத்திருந்ததே இல்லை. அவள் பச்சை ஜீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பானெட்டைப் பார்த்தாள். தோசைத்திருப்பி கையிலிருந்து விழுந்தது. மறுநாள் இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

ஆகவே திருட்டு என்று எழுதியதை அடித்துவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் எந்த எண் இருந்தாலும் சரி, அது என் வண்டியின் எஞ்சின். கன்னியப்பனை நான் கொன்றேன். திட்டம் போட்டு, தெரிந்தே கொன்றேன். அதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன்மேல் பொறாமையா என்று இப்போது கேட்டீர்கள். எனக்கு என்ன பொறாமை? எண்கள் சேர வேண்டும், அது ஒன்றுதான் காரணம். கலைமகளிடமும் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டாவது ஞாயிறு காலை அந்த வீட்டில் தோசைக்கல் அடுப்பில் ஏறியது என் ஜீப்பின் சத்தத்துக்குத்தான்.