அளக்க வைத்திருந்த தோட்டா

லண்டனில் டூட்டிங் போகும் ரயிலில், துப்பாக்கிக் கழகச் சட்டை போட்ட இருவர் எனக்கு எதிரே இருந்தார்கள். சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளை, மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே திரும்ப நிரப்புகிறவர்கள் என்று பேச்சில் விளங்கியது.

“கோதின்ர கழுத்தை இறுக்கிற புஷிங் வளையம் எந்த சைஸ் எடுக்கிறது, அண்ணை?”

“நிரப்பின தோட்டா ஒண்டின்ர கழுத்தை அளந்து, அதைவிடக் கொஞ்சம் சின்னனா எடு. நீ எதை அளந்தனீ?”

“சிவா நிரப்பித் தந்ததை.”

“அவன் செத்தே ரெண்டு வருசம். அது பழைய கோது, மெல்லிசு. உன்ர புதுக்கோது தடிப்பு. அந்த அளவு இதுக்குச் சரிவராது, இறுகிப்போகும்.”

“ஓம். தெரியும்.”

“அப்ப அதைச் சுட்டு முடியன்.”

“ஏலாது. அவன்ர கராஜில தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து நிரப்பினது. அது ஒண்டுதான் மிச்சம்.”

“சுடவும் மாட்டாய், அளவும் சரிவராது. பிறகென்னத்துக்கு வச்சிருக்கிறாய்?”

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அளக்க வேணுமெல்லோ, அண்ணை.”