லாசருவின் கட்டுத்துணி

பெருமாளைக் கும்பிடுகிற நான் அடுத்தவர் வேதத்தைப் பற்றி எழுதலாமா என்று நாலைந்து வருடம் தயங்கினேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போக ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில், பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை முடித்துத் தலையெல்லாம் பஞ்சோடு இரண்டு பெண்கள்.

“செத்து நாலு நாளான லாசருவ உசுரோட எழுப்புன ஏசுவுக்கு, அவன் மேல சுத்துன துணிய அவுக்கத் தெரியாதாக்கா? சுத்தி நின்னவுகள அவுக்கச் சொல்லுதாரே, ஏன்?” என்றாள் இளையவள்.

“ஏட்டி, உசுரு குடுக்கிறது அவரு வேல. கட்ட அவுக்கிறது நம்ம வேல. தெனமும் கட்டுத்துணி நெய்யுத ஒனக்கு இது தெரியலயாக்கும்!” என்று சிரித்தாள் மூத்தவள். “ஒம்புருசன் குடிய விட்டு எம்புட்டு நாளாச்சு?”

“எட்டு மாசம்.”

“இன்னும் வீட்டுச் சாவிய குடுக்காம, நீ வர்ற வரைக்கும் வாசல்லதான உக்கார வச்சிருக்க?”

“அண்டா குண்டாவெல்லாம் வித்துக் குடிச்சவரு அக்கா. பயமாருக்கு.”

“அப்ப கட்டோடயே நிக்கட்டும்.”

இளையவள் போனை எடுத்தாள்.

“ஏங்க, சாவி எதுத்த கடை பாய்ட்ட இருக்கு. நான் சொன்னேன்னு வாங்கி, கதவத் தொறந்து உள்ள போய் இருங்க.”

கேட்டது இவ்வளவுதான். பிறருக்குச் சொல்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பெண்களின் பேச்சில் நம் பேச்சு கலந்துவிட வேண்டாம்.