டாக்டர் பிரெடா முடிக்காத அளவெடுப்பு

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இயக்குநர் கோராஸ்ட் பிர்னாட் அவர்களே, காலை ஷிஃப்ட் முடிந்து மாவு படிந்த செருப்போடு வந்திருக்கும் தோழியரே, தோழர்களே, வணக்கம்.

நான் ஸ்லாவிட்சா ஹோய்னிக். ப்துய் நகர பிஸ்கட் ஆலையில் பொட்டலம் கட்டுகிறவள், தொழிற்சங்கச் செயலாளர். இது இரங்கல் கூட்டம்தான், ஆனால் நான் அழுவதற்காக மேடை ஏறவில்லை. மறைந்த எங்கள் ஆலை மருத்துவர் டாக்டர் பிரெடா ஸாய்ஷெக் அவர்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான்.

வேலை நம் உடம்பை என்ன செய்கிறது என்று அளக்க முனைந்தவர் அவர். முதலில் கேள்வித்தாள் கொடுத்தார். நாம் என்ன செய்தோம்? "வேலை அழுத்துகிறதா?" என்ற கேள்விக்கு எல்லோரும் "இல்லை" என்று எழுதினோம். நம்மூர் வீம்பு நமக்குத் தெரியாதா? என்னோடு பொட்டலம் கட்டும் யோஷிட்சாவும் அப்படியே எழுதினாள். டாக்டர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, போன வாரம் கன்வேயர் பக்கத்துல மயங்கி விழுந்தது யாரு?"

"அது வெயிலு, டாக்டரம்மா."

"பனி கொட்டுற ஜனவரியிலயா?"

அதன் பிறகு நம் கைகளில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டிவிட்டார். அரை மணிக்கு ஒருமுறை அது தானாக இறுகும். அப்போது கை அசையக் கூடாது. கையை அசைக்காமல் பொட்டலம் கட்ட முடியுமா? பிஸ்கட் ஓடிவரும் கன்வேயரை ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. டாக்டரின் அளவெடுப்பு முழுதாக முடியும் நாள்வரை அப்படி நிறுத்திக்கொள்ளலாம் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்தார்.

முதல் நாள் எல்லோருக்கும் அழுத்தம் எகிறியது. சில வாரங்களில் இறங்கத் தொடங்கியது. இயக்குநர் பூரித்துப் போனார். "பாத்தீங்களா, இங்க யாருக்கும் ஒரு குறையும் இல்ல."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "டைரக்டர் சார், அளக்குறதுக்காக நிறுத்துனீங்களே, அந்த ஒரு நிமிஷந்தான் இறக்கியிருக்கு."

அந்த நிமிடத்தை அவர் விட்டாரா? அளவெடுப்பை முடிக்கவே இல்லை. கோடையில் கேட்டால், "குளிர்காலத்துலயும் பாக்கணும்" என்றார். குளிர்காலத்தில் கேட்டால், "கிறிஸ்துமஸ் ஆர்டர் போகட்டும்" என்றார். ஓய்வு பெற்ற பிறகும் பஸ் பிடித்து வந்து அளந்தார். அந்த நிமிடத்தில் நாம் முதுகை நிமிர்த்தினோம், மூச்சு விட்டோம், பக்கத்து மேசைக்காரியை வம்புக்கு இழுத்தோம். யோஷிட்சா அதற்குப் பிறகு ஒரு நாளும் விழவில்லை. இதோ, முன்வரிசையில் இருக்கிறாள்.

நேற்று இயக்குநர் என்னை அழைத்து, தணிந்த குரலில் கேட்டார்: "பாவம் டாக்டர். அப்போ, அளவெடுப்பு முடிஞ்ச மாதிரிதானே? திங்கட்கிழமையிலேர்ந்து கன்வேயர் நிக்காம ஓடட்டுமா?"

இயக்குநர் அவர்களே, நேற்று "நாளைக்குச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். இன்று பதில் சொல்கிறேன். டாக்டரின் கருவிகள் சங்க அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் கட்டவும் எங்களுக்குத் தெரியும். அவர் தொடங்கிய பணியை நாங்கள் தொடர்வோம், இது உறுதி. பொட்டலம் கட்டுகிறவர்களை அளந்தாயிற்று. அடுப்படியில் நிற்பவர்களை அளந்தாயிற்று. மேலாளர்களை இன்னும் அளக்கவே இல்லை. திங்கட்கிழமை முதல் பட்டை உங்கள் கையில்தான்.