அரை றாத்தல் பாட்டு

— ஓட்டோப் பாட்டு கெடல்ல மச்சான், லெப்டொப்பில இந்தப் பெட்டிக்குள்ள எழுதின கணக்குத்தான் கெட்டிரிக்கி.

— இஞ்ச பாரு அஸ்னா, மருதமுனையில இருந்து பாண்டிருப்பு வரைக்கும் பாண், பணிஸ் விக்கிற என்ட ஓட்டோ ஒரே சத்தத்தில அழுதிட்டுப் போச்சி. பாண் வாங்கிற செல்லத்தங்கம் அக்கா வெளியில வந்து, "பர்ஸான் தம்பி, ஹோர்ன் இறுகிட்டா?" எண்டு கேக்கிறா.

— சிரிக்க வெக்காதீங்க, லெப்டொப் மடியில ஆடுது.

— நீ சிரி. வெள்ளிக்கிழம சம்மாந்துறையால பொம்புள வீட்டார் என்ன மாப்பிள்ள பாக்க வாறாங்க. பாட்டோட வந்து வாசல்ல நிக்கணுமாம், உம்மாட கட்டள. இப்படி அழுதா மெக்கானிக்கத்தான் கூப்புடுவாங்க.

— ஓம், உங்கட உம்மா சொன்னா. பொறுங்க. ஒவ்வொரு பெட்டியும் ஒரு வேல செய்யும், கோடு இழுத்துச் சேத்தாப் பாட்டு வரும். இந்தப் பெட்டிதான் சுரத்தக் கணக்குப் பாக்கிற. மூண்ட ரெண்டால பிரி எண்டா, ஒண்டு எண்டு சொல்லுது.

— ஒண்டரதானே?

— அரைய முழுங்கிட்டு. அதாலதான் எல்லாச் சுரமும் ஒரே இடத்தில விழுது.

— அரை றாத்தல் பாண் கேட்டா இல்லெண்டு சொல்லுற கடக்காரன் மாதிரி.

— அவனேதான். பொறுங்க, ரெண்டுக்குப் பக்கத்தில ஒரு புள்ளி, ஒரு பூச்சியம். இனி அரையும் விப்பான். ஃபோனுக்கு அனுப்பிட்டன், போட்டுப் பாருங்க.

— மெய்யாப் புள்ள, நான் விசிலடிக்கிற மாதிரியே இரிக்கி.

— நீங்க அடிச்சததானே எடுத்தன். காலிதீன்ட பாண் ஓட்டோவும் மத்த ஓட்டோவெல்லாம் ஒரே பாட்டு. உங்கட வேற. ஃபோன் ஓட்டோட வேகத்தப் பாக்கும், வேகமா ஓடினா வேகமாப் பாடும். தெரு முடக்கு வரைக்கும் ஒருக்காப் போய் வாங்க.

— வந்திட்டன். ஓடக்குள்ள சோக்காப் பாடுது. உங்கட கேற்றடியில நிப்பாட்டினன், செத்துப் போச்சி.

— நிண்டா வேகம் பூச்சியம். பூச்சியத்தால பிரிக்கச் சொன்னா அது வாயடைச்சிப் போகுது.

— நிண்டுதானே புள்ள பாண் விக்கிற? ஓடி ஓடியா விக்கிற?

— பொறுங்க எண்டன். ஒரு சின்னப் பொய் எழுதுறன். வேகம் ஒண்டுக்குக் கீழ போனா, ஒண்டு எண்டே வெச்சிக்கொள்ளட்டும். நீங்க நிண்டாலும் மெதுவாப் போறீங்க எண்டு நம்பும்.

— பாடுது... அல்ஹம்துலில்லாஹ். நிக்கிற ஓட்டோ எங்கயோ போற மாதிரி இரிக்கி. இஞ்ச பாரு, உனக்கு என்ன வேணும்? மீன் வெச்ச மாலு பணிஸ் தட்டோட எடு.

— பணிஸ் வேணா.

— மறுகா என்ன வேணும்? சம்மாந்துறையாருக்குப் பாட்டுச் செஞ்சு தந்திரிக்காய், சும்மா விடேலுமா?

— அவங்களுக்கு ஆரு செஞ்ச? வாப்பா உள்ள இரிக்காரு. நான் ஒரு சொல்லுச் சொன்னா இண்டைக்கே மஃரிப் தொழுகைக்குப் புறகு சேட்டப் போட்டுட்டு வெளிக்கிடுவாரு.

— எங்க?

— உங்கட வீட்டுக்கு, மாப்பிள்ள கேக்க. பாட்டு நிக்கல்ல மச்சான், நீங்க ஏன் நிண்டிட்டீங்க? சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்கு முதல் வாப்பாவ அனுப்பட்டா?