சாட்சியில் விட்டுப்போன பெயர்

ஞாயிறு ஆராதனை முடிந்து கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அவர் கையில் கைத்தடி, மடியில் பைபிள்.

“மாவுக்கட்டோட கெடந்தப்ப உங்களுக்கு ஆண்டவரே வந்து பெட் பேன் வெச்சாராங்க?” என்றாள் அவள்.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். “மெதுவா பேசு. இப்ப இன்னா ஆச்சு உனக்கு?”

“கால் சரியாச்சுன்னு சபையில சாட்சி சொன்னீங்களே. ஆண்டவரு, பாஸ்டரு, டாக்டரு, எக்ஸ்ரே எடுத்தவரு வரைக்கும் நன்றி. நான் வூட்ல சும்மா குந்திக்கினு இருந்தேன் போல.”

“நீ வூட்டு மனுஷி. உனக்குப் போயி மைக்ல சொல்லுவாங்களா?”

“மைக் வேணாம். இங்கயே சொல்லுங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, உளுந்தூர்பேட்டை வரும்வரை ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்தார்.

இறங்கும்போது அவள்தான் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரைத் தாங்கிப் பிடித்து இறக்கினாள். சீட்டிலேயே கிடந்த கைத்தடியைக் கண்டக்டர் எடுத்து நீட்டினார்.

“ரொம்ப தேங்க்ஸ்பா! ஆண்டவர் உன்ன ஆசீர்வதிப்பாரு!”

“பஸ்ஸு கெளம்பிடப் போவுது” என்றாள் அவள். “டிரைவருக்கும் ஒண்ணு சொல்லிட்டு வாங்க.”